காத்மாண்டு தையல்கூடத்தில் தொண்டு: கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் பெண்களுக்காக இயங்கும் தொண்டு அமைப்புகள் சில, தையல்கூடமும் நடத்துகின்றன. கணவனை இழந்தவர்களும் வீட்டு வன்முறையிலிருந்து வெளியேறியவர்களும் அங்கே மாதவிலக்குக்கான, துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் தைக்கிறார்கள். தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு முதல் நாளே மிஷினில் உட்காரத்தான் கை துறுதுறுக்கும். உட்காரக் கூடாது. எண்ணிக்கைக்குக் கூலி தரும் இடத்தில் நாம் பத்து தைத்தால், பத்துக்கான கூலி ஒரு அக்காவுக்குக் கிடைக்காமல் போச்சு. சரிபார்ப்பது, பை கட்டுவது, இருப்பு எழுதுவது, இவைதான் நம் வேலை.

இந்தியருக்கு நேபாள விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். வேறு நாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்கள் கவனிக்க: சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதி கிடையாது. அமைப்பு என்ன ஏற்பாடு செய்யும் என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காவல்துறைச் சான்று கேட்காமலே "வாங்க" என்று சொல்லும் அமைப்பை நான் நம்பமாட்டேன்.

ஆர்டர் பதிவேடு நேபாள நாட்காட்டியான விக்ரம் சம்வத்தில் இருக்கும். 2025 ஏப்ரல் நடுவில் பிறந்தது 2082-ஆம் ஆண்டு. நமக்கு ஒரு சௌகரியம் உண்டு: அதன் முதல் மாதமான வைசாக் நம் சித்திரையோடு பிறக்கிறது. தமிழ்த் தேதி தெரிந்தால் நேபாளத் தேதி ஒரு நாள் முன்பின் வந்துவிடும். டெலிவரித் தேதியை மட்டும் கேட்டே எழுதுங்கள். வார விடுமுறை சனிக்கிழமை.

இனி சரிபார்ப்பு. நாப்கினின் அடிப்பக்கம் பியூஎல் என்ற நீர்புகாத் துணி. உள்ளே மடித்து வைப்பது ஃபிளானல். ஒழுகுகிறது என்று திரும்பி வந்தால் முதலில் ஊசித் துளையைத் தேடுங்கள். பியூஎல்லில் குண்டூசி குத்தினால் அந்தத் துளை மூடாது. கிளிப்தான் போட வேண்டும். தையல் நெருக்கமாக விழுந்தாலும் அதே கதை, 3 மில்லிமீட்டர் நீளம் போதும். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி வெளியே கடத்தும் என்பதால் பாலியஸ்டர் நூல். சோதனைக்கு, நாப்கினுக்கு அடியில் டிஷ்யூ தாளை விரித்து, மேலே இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி, கையால் அழுத்தி, பத்து நிமிடம் விடுங்கள். தாளில் புள்ளி விழுந்தால் அது கழிவு. ஃபிளானலை வெட்டும் முன்பே துவைத்துக் காயவைக்காவிட்டால், வாங்கியவர் வீட்டில் முதல் துவைப்பிலேயே சுருங்கிக் கோணிக்கொள்ளும். டிச் பட்டனை அடித்ததும் இரண்டு முறை பலமாக இழுத்துப் பாருங்கள்.

பைக்குள் வைக்கும் குறிப்புச்சீட்டில் இரண்டு வரி முக்கியம்: பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், ஏனென்றால் வெந்நீரில் கறை படிந்துவிடும், வெயிலில் காய வேண்டும். இரண்டாவது வரியை எழுதுவது சுலபம், நடப்பதுதான் கஷ்டம். மாதவிலக்கான பெண்ணைக் குடிசையில் ஒதுக்கிவைக்கும் சௌபடி வழக்கத்தை 2017-லேயே சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும் நாப்கினைக் கொடியில் தொங்கவிடக் கூச்சப்பட்டு, சேலைக்கு அடியில் மறைத்துக் காயவைக்கிறார்கள். ஈரம் போகாமல் நாறும். அதனால்தான் மேல்துணிக்கு அடர்நிறப் பூப்போட்ட துணி. கொடியில் கிடந்தால் கைக்குட்டை மாதிரித்தான் தெரியும். வெள்ளைதான் சுத்தம் என்று புதிதாக வருகிறவர்கள் சொல்வதுண்டு. விற்காது.

எல்லோரையும் "தீதீ" (அக்கா) என்றே கூப்பிடலாம். எப்படி இங்கே வந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். படம் எடுப்பதானால் கையையும் துணியையும் எடுங்கள். முகமோ வாசல் பலகையோ விழுந்த ஒரு படம் போதும், தப்பி வந்தவர் எங்கே இருக்கிறார் என்பது வீட்டுக்குத் தெரிந்துவிடும்.