ரசிகர்களே வளர்த்த விழா

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், விழா என்றாலே பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருக்கும் என்று நினைப்பவர்களிடம் ஒட்டாகான் என்ற விழாவின் கதையைச் சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை. 1994-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில், அனிமே பைத்தியம் பிடித்த மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து ஒரு ஹோட்டலில் இதைத் தொடங்கினார்கள். வந்தவர்கள் சுமார் 350 பேர். ஸ்ட்ரீமிங் எல்லாம் கிடையாது, ரசிகர்களே சப்டைட்டில் போட்டு, விஎச்எஸ் வீடியோ டேப்பில் நகலெடுத்து, தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட காலம் அது, அதனால் ஒரே அறையில் உட்கார்ந்து கூட்டமாகப் பார்ப்பதே பெரிய சந்தோஷம்.

1999-ல் பால்டிமோர் நகரின் மாநாட்டு மையத்துக்குப் போனார்கள், அப்புறம் வளர்ச்சிதான். 2004-ல் ஜப்பானின் லார்க் ஆன் சியெல் ராக் குழு வட அமெரிக்காவில் முதல்முறையாக மேடையேறியது இந்த விழாவில்தான். எவ்வளவு பெரிய குழு, யோசித்துப் பாருங்கள்! 2013-ல் கூட்டம் 34,000-ஐத் தாண்டியது. 2017 முதல் வாஷிங்டன் டி.சி.யில் நடக்கிறது.

என்னை நெகிழ வைப்பது கூட்டமோ மேடையோ இல்லை. இத்தனை பெரிய விழாவை இன்றும் லாப நோக்கமில்லாத ஓர் அமைப்புதான் நடத்துகிறது, அதில் உழைப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வரிசையை ஒழுங்குபடுத்துபவரும் சரி, விழாவின் தலைவரும் சரி, எல்லோரும் ரசிகர்கள்.