ஹெட்லைட் ஆலையில் கற்ற சொற்கள்

வெளிநாட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் ஊரில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, பாஷையை எப்படிச் சமாளித்தாய் என்பதுதான். ஸ்லோவாக்கியாவில் கார் விளக்குகள் செய்கிற ஓர் ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். அங்கே எனக்குத் தொல்லை கொடுத்தது ஸ்லோவாக் இல்லை, இங்கிலீஷ்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

சுமார் 54 லட்சம் பேர் வாழும் சின்ன நாடு அது, ஆனால் வருஷத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் கார்கள் அங்கே தயாராகின்றன. பிராட்டிஸ்லாவாவில் ஃபோக்ஸ்வாகன், ஜிலினாவில் கியா, டிர்னாவாவில் ஸ்டெல்லாண்டிஸ், நிட்ராவில் நம் டாடா கையிலிருக்கும் ஜாகுவார் லேண்ட் ரோவர். இவற்றைச் சுற்றி, மலையடிவாரத்துச் சின்ன ஊர்களில்கூட உதிரிபாக ஆலைகள். ஒரகடம் பக்கம் இதே வேலையைப் பார்த்துவிட்டுப் போனவன் என்பதால் இயந்திரங்கள் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. வரைபடம் இங்கிலீஷில், வாடிக்கையாளர் ஜெர்மன்காரர், லைனில் நிற்பவர்கள் பேசுவது ஸ்லோவாக். நடுவில் எல்லாரும் ஆளுக்கொரு இங்கிலீஷ் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் எழுதுவது ஜெர்மன் வாடை அடிக்கும் இங்கிலீஷ், என்னுடையது அம்பத்தூர் இங்கிலீஷ், பயிற்சி கொடுக்க வந்தவருடையது பிரிட்டிஷ் இங்கிலீஷ்.

ஆலையில் ஏற்கெனவே ஒரு சொற்பட்டியல் இருந்தது. இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் ஸ்லோவாக், லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார்கள். ஏதோ பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தது போல. சரவிளக்குக்கு லுஸ்டர், விளக்கின் குடைக்குத் தியெனித்லோ, மெழுகுவர்த்திக்கு ஸ்வியெச்கா, சுவிட்சுக்கு விபீனாச். வீடு பார்த்துக் குடிபோகிறவனுக்கு உதவும். ஹெட்லைட் லைனில் சரவிளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்ய? புதிதாக வருகிற ஆட்களுக்காக அதைத் திருத்தி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் துணையாக லைனின் மேற்பார்வையாளர் அம்மா ஒருவர். எல்லாரும் அவரை 'பானி மாய்ஸ்தெர்கா' என்றுதான் கூப்பிடுவார்கள், மேஸ்திரி அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது, எனக்கு ஸ்லோவாக் அரைகுறை. இருந்தும் வேலை ஓடியது, ஏனென்றால் நான் ஒரு பாகத்தைக் கையில் எடுத்துக் காட்டினால் அவர் பேரைச் சொல்லிவிடுவார், சில சமயம் கூடவே அதில் என்னென்ன பழுது வரும் என்பதையும்.

சிக்கல் இங்கிலீஷ் பக்கத்தில்தான் வந்தது. நம்மூரில் 'டிம்' என்கிறோமே, எதிரே வண்டி வந்தால் இறக்கிப் போடுகிற வெளிச்சம், அதற்கு அமெரிக்கர் லோ பீம் என்பார், பிரிட்டிஷ்காரர் டிப்டு பீம் என்பார், ஐ.நா.வின் வாகன விதிகளைத் திறந்தால் பாஸிங் பீம் என்று இருக்கும். எங்கள் ஆலைக் காகிதங்களில் மூன்றும் கலந்து கிடந்தன. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இவை மூன்று தனித்தனி விளக்குகள் என்றே நினைத்து, மூன்றுக்கும் தனித்தனிச் சோதனைத் தாள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஸ்லோவாக்கில் பேர் ஒன்றே ஒன்றுதான், 'ஸ்த்ரெதாவாட்சியே ஸ்வெட்லோ', எதிர்ப்படும்போது போடுகிற விளக்கு என்று அர்த்தம். தூரத்துக்கு அடிக்கிறது, நம் 'பிரைட்', அது 'தியால்கோவே'. இண்டிகேட்டர் 'ஸ்மெரோவ்கா'. ஃபாக் லேம்ப்பை 'ஹ்ம்லோவ்கா' என்பார்கள். உயிரெழுத்தே இல்லாமல் மூன்று மெய்யெழுத்தில் தொடங்குகிற அந்தச் சொல்லை நான் கடைசி வரை ஒழுங்காகச் சொன்னதில்லை. லைனில் அதற்கென்றே என்னிடம் கேள்வி கேட்பார்கள்.

அப்புறம் மேஸ்திரி அம்மா ஒரு ஹெட்லைட்டைத் திருப்பி, கண்ணாடி என்று நாம் சொல்கிற அந்த பாலிகார்பனேட் மூடியின் ஓரத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைக் காட்டினார். வட்டத்துக்குள் ஈ (E) என்ற இங்கிலீஷ் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஒப்புதல் கொடுத்த நாடு எது என்று அந்த எண் சொல்லும். 1 என்றால் ஜெர்மனி, 8 என்றால் செக், 27 என்றால் ஸ்லோவாக்கியா. பக்கத்தில் சி, ஆர் என்ற எழுத்துகள். சி என்றால் டிம், ஆர் என்றால் பிரைட். இந்த இரண்டும் இங்கிலீஷிலிருந்து வந்தவை இல்லை. பிரெஞ்சில் டிம் விளக்குக்குக் குருவாஸ்மான், பிரைட்டுக்கு ரூட், அவற்றின் முதல் எழுத்துகள். பிரெஞ்சுக்காரரும் எதிர்ப்படுவதைத்தான் சொல்கிறார், ஸ்லோவாக்காரரும் அதையேதான் சொல்கிறார். ஜெர்மன்காரர் மட்டும் நம்மைப் போல மங்கலாக்குவதைச் சொல்கிறார். பட்டியலின் முதல் பத்தியில் இங்கிலீஷை எடுத்துவிட்டு இந்தக் குறிகளையே போட்டோம். மூன்று இங்கிலீஷ் பேர்களும் பக்கத்துக் கட்டத்தில் சின்ன எழுத்தில் போயின.

பட்டியலைவிட எனக்குப் பிடித்த இடம் இருட்டுச் சுரங்கம். ஒளியளவு பார்க்கும் அறைக்கு நாங்கள் வைத்திருந்த பேர் அது. நீளமான கூடம், சுவர், தரை, கூரை எல்லாம் பளபளப்பில்லாத கறுப்பு. ஒரு முனையில் ஹெட்லைட்டைத் தாங்கியில் பூட்டினால், 25 மீட்டர் தள்ளி மறுமுனையில் அளவுப் புள்ளிகள். டிம் வெளிச்சத்தைத் திரையில் விட்டால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. அந்தக் கோடு ஒரு பக்கம் நேராகப் போய், மறுபக்கம் மேலே ஏறும். ஸ்லோவாக்கியாவில் வண்டிகள் வலப்பக்கம் போவதால் வலப்பக்கம் ஏறும், சாலையோரத்தில் நடந்து போகிறவர் தெரிய வேண்டும் என்பதற்காக. இடப்பக்கம் எதிரே வருகிற டிரைவரின் கண் இருக்கும் இடம், அங்கே வெளிச்சம் அளவு மீறக் கூடாது. அந்த இடத்துக்கு பி50எல் (B50L) என்று பேர், 50 மீட்டர் தூரத்தில் எதிரே வருகிறவர் கண். சாலையின் வலது ஓரத்துக்கு 75ஆர். ஒரகடத்தில் நான் பார்த்ததெல்லாம் இதன் கண்ணாடிப் பிம்பம், அங்கே கோடு இடப்பக்கம் ஏறும். புதிய ஊரில் வண்டி எதிர்ப்பக்கம் ஓடுவது எனக்குச் சாலையில்கூட அவ்வளவு உறைக்கவில்லை, அந்தத் திரையைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஒருமுறை ஒரு புகார் வந்தது. விளக்கு 'ஃப்ளிக்கர்' ஆகிறது என்று மின்னஞ்சல், கூடவே போனில் எடுத்த வீடியோ. லைனில் அதைப் பார்த்த பெண் 'ப்ளிகா' என்றார். அந்த ஒரே சொல் இண்டிகேட்டர் மின்னுவதற்கும் பல்பு நடுங்குவதற்கும் பொது. யாரோ அதை 'பிளிங்க்கிங்' என்று இங்கிலீஷில் மாற்றி அனுப்ப, பராமரிப்பு ஆட்கள் இண்டிகேட்டரைக் கழற்றி உட்கார்ந்துவிட்டார்கள். விதிப்படி அது நிமிஷத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும், எண்ணிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. இங்கிலீஷில் ஃப்ளிக்கரா, ஃப்ளாஷா, பிளிங்க்கா என்று கூட்டத்தில் வாதம் முற்றிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி அம்மா கேட்டார், "ஓகொம் அலெபோ மொபிலொம்?" கண்ணால் பார்த்தீர்களா, மொபைலாலா?

விஷயம் அவ்வளவுதான். பகலில் எரிகிற எல்இடி விளக்கை மங்கலாக்க, அதை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றுகிறார்கள். கண்ணுக்கு அது தெரியாது. போன் கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். விளக்கில் பழுதே இல்லை. அதன்பின் புகார்ப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம்: பார்த்தது கண்ணாலா, கேமராவாலா. என்னைக் கேட்டால், அந்தக் கட்டம் எங்கள் பட்டியல் முழுவதையும்விட அதிகம் உதவியது.

வீட்டுச் சொற்களை நான் அடியோடு எறிந்துவிடவில்லை. குண்டு பல்பு 'ஜியாரோவ்கா', டியூப் லைட் 'ஜியாரிவ்கா', நடுவில் ஒரே ஓர் உயிர் மாறுகிறது, ஸ்டோரில் சீட்டு எழுதும்போது கவனம் தேவை. மெழுகுவர்த்தி என்ற அந்த ஸ்வியெச்கா மெக்கானிக் வாயில் ஸ்பார்க் பிளக் ஆகிவிடும். கைவிளக்கு 'பதெர்கா', பேட்டரிக்கும் அதே சொல். கிராமத்தில் 'பேட்டரி லைட்டு' என்று டார்ச்சைச் சொல்லி வளர்ந்தவனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல ஒரு வினை, விளக்கை அணைக்கச் சொல்ல வேறு வினை. நாமும் அப்படித்தானே, மோட்டாரை நிறுத்துகிறோம், விளக்கை அணைக்கிறோம்.

நவம்பர் 1 அங்கே விடுமுறை. கல்லறைகளில் 'கஹானெட்ஸ்' என்னும் மூடி போட்ட சின்ன விளக்குகளை வைப்பார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே சூப்பர் மார்க்கெட்டில் அவை அடுக்கடுக்காக நிற்கும். அந்தச் சொல் எங்கள் பட்டியலில் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை, ஆனால் அக்டோபர் ஷிப்டில் எல்லாரும் பேசுவது அதைப் பற்றித்தான். டிசம்பரில் காலை ஆறு மணி ஷிப்டுக்கு இருட்டில் போக வேண்டும், மாலை நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். 2009 முதல் அந்த நாட்டில் பகலிலும், வருஷம் முழுக்க, விளக்குப் போட்டுத்தான் வண்டி ஓட்ட வேண்டும். விளக்கு ஆலைக்காரனுக்கு இது நல்ல சட்டம்தான்.

இதே வேலைக்கு அங்கே போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விளக்குகளின் பேர்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் மேலே, கீழே, இடது, வலது, கொஞ்சம் என்ற சொற்களைப் படியுங்கள், ஏனென்றால் ஹெட்லைட்டின் கோட்டைச் சரிசெய்யும்போது காதில் விழுவது இவைதான். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் 1,0% என்று குறித்திருந்தால் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்று அர்த்தம், அங்கே தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. இடது, வலது என்பது டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது, வண்டிக்கு முன்னால் நின்று பார்ப்பது இல்லை. பெட்டியில் பி (P) என்று ஒட்டியிருந்தால் அது பார்க்கிங்கும் இல்லை, பாசஞ்சரும் இல்லை, 'ப்ராவி', வலது. இங்கிலாந்துக்குப் போகும் வண்டிகளில் பாசஞ்சர் உட்காருவது இடப்பக்கம் என்பதால், பாசஞ்சர் என்று படித்துவிட்டால் சரியாக எதிர்ப்பக்க விளக்கைத்தான் எடுத்துக்கொண்டு போவீர்கள்.