கால் மாத்திரைக்கு ஓர் அச்சு

அக்கா பையன் பிறந்தபோது இதயத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும் என்று சொன்ன கும்பகோணத்து டாக்டர், அதுவரை பிள்ளைக்கு மூச்சு வாங்காமல் இருக்க ரெண்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்று சொட்டு மருந்து, அதில் தொல்லை இல்லை. இன்னொன்று ஸ்பைரோனோலாக்டோன், 25 மில்லிகிராம் மாத்திரை, தினமும் கால் மாத்திரை. மெடிக்கலில் கேட்டால், "கால் மாத்திரையெல்லாம் வராது சார், வீட்டுலயே உடைச்சுக்குங்க."

உடைத்தோம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, மாத்திரையை அதன் மேல் வைத்து, புது பிளேடால் ஓர் அழுத்து. பாதி ஓரளவு சரியாக வரும். அந்தப் பாதியைப் பாதியாக்கும்போதுதான் கூத்து: ஒரு துண்டு சிதறி அடுப்படிப் பக்கம் ஓடும், இன்னொன்று மாவாக உதிரும். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "இது பெருசா இருக்கு, நாளைக்குச் சின்னதைக் குடு, கணக்கு சரியாப் போயிடும்" என்பாள். நசுக்கித் தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடையில் ஊற்றினால், மருந்தில் கொஞ்சம் பாலாடையின் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே போனதில் அவன் துப்புவது எவ்வளவு, மறுபடி கொடுக்கலாமா கூடாதா என்று அக்கா போனை எடுப்பாள்.

இதில் எனக்கு உறுத்திய விஷயம் வேறு. குழந்தைக்கு மருந்து எடையை வைத்துத்தான். நாலு கிலோவாக இருந்தவன் ஆறு கிலோ ஆகும்போது கால் மாத்திரையோடு ஓர் அரைக்காலையும், அதாவது எட்டில் ஒரு பங்கையும், சேர்க்கவேண்டும். நிலத்தை மா, காணி, முந்திரி வரைக்கும் பிரித்துக் கணக்கெழுதிய தஞ்சாவூர்ச் சீமையில் அரைக்கால் என்று சொல்வது சுலபம், ஆனால் கடுகு மாதிரி இருக்கிற துண்டை எதை வைத்து வெட்டுவது? கால் மாத்திரை என்று சீட்டில் இருந்தது பிள்ளைக்கு வேண்டிய அளவா, பிளேடுக்கு எட்டுகிற அளவா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

அந்த எரிச்சலில்தான் த்ரீடி பிரிண்டரில் மருந்து செய்வதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது ஸ்பிரிடம். வலிப்புக்கான லெவெடிரசிடம் மருந்து, அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது, பிரிண்டரில் செய்து அங்கே அனுமதி பெற்ற முதல் மாத்திரை. கோலமாவு மாதிரி மருந்துப் பொடியை மெல்லிசாகப் பரப்பி, அதன் மேல் பசைநீரைச் சொட்டு சொட்டாகத் தெளித்து, மேலே இன்னொரு அடுக்குப் பொடி, மறுபடி நீர். வழக்கமான மாத்திரை மாதிரி அழுத்தி இறுக்குவதில்லை என்பதால் உள்ளே பொலபொலவென்று இருக்கும், ஒரு வாய் தண்ணீர் பட்டதும் சில விநாடிகளில் கரைந்துவிடும். விழுங்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி, ஆனால் இது தொழிற்சாலைச் சரக்கு, குறிப்பிட்ட சில அளவுகளில்தான் வரும். நம் தட்டு–பிளேடு பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

எனக்கு வேண்டியது இன்னொரு வகை. மருந்துப் பசையை ஊசிக்குழலில் அடைத்து, லேசாகச் சூடாக்கி, தேன்குழல் பிழிகிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பிழிவது. பசை ஒன்றேதான், வட்டம் பெரிசானால் மருந்து கூடும், சிறிசானால் குறையும். பிள்ளை எடை ஏறினால் கம்ப்யூட்டரில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். பிளாஸ்டிக் பொம்மை செய்கிற பிரிண்டர் மாதிரி நூறு டிகிரிக்கு மேல் உருக்கினால் சில மருந்துகள் கெட்டுப்போகும், இதில் அந்தச் சூடு தேவைப்படாது.

ஸ்பெயினில் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா ஊர் மருத்துவமனையில் இதைப் பிள்ளைகளுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 2019இல் முடிவு வெளிவந்தது. சில அமினோ அமிலங்களை உடம்பு உடைக்க முடியாத பிறவி நோய், சிறுநீரில் காய்ச்சிய சர்க்கரை வாடை அடிக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தை அளந்து கொடுக்கவேண்டும், கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. 3 முதல் 16 வயது வரை நாலே பிள்ளைகள், அவரவர் ரத்த அளவைப் பார்த்து அவரவருக்கு மென்று தின்னும் மாத்திரை, பல நிறம், பல சுவை. ரத்தத்தில் அளவு வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது, ஏற்ற இறக்கமும் குறைவு. நாலு பேரை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் நாங்கள் தட்டில் தேடிய துல்லியம் அங்கே இருந்தது. பிரிட்டனில் 2025இல் நோயாளி இருக்கும் இடத்திலேயே மருந்து தயாரிப்பதற்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். "எங்க மாமியார் உரைகல்லுல செஞ்சது தானே" என்றாள். வசம்பு இத்தனை உரசு, ஜாதிக்காய் இத்தனை உரசு என்று பிள்ளையின் மாதத்தைப் பார்த்துக் கணக்கு வைத்திருப்பார்களாம். அந்த வைத்தியம் சரியா என்பது வேறு கதை, எங்கள் டாக்டர் அதைக் கையாலும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஆனால் அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறவேண்டும் என்ற யோசனை அந்தக் கல்லில் இருந்தது.

அதற்காக ஊருக்கு ஊர் பிரிண்டர் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வயிற்றுப்போக்குக்கு நர்சம்மா கொடுக்கிற 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை ஒரு கரண்டித் தண்ணீரில் தானாகக் கரைகிறது. ஆறு மாதத்துக்குக் கீழே பாதி, மேலே முழுசு, அவ்வளவுதான் கணக்கு. இப்படி ரெண்டு அளவில் முடிகிற நோய்க்கு மலிவான கரையும் மாத்திரையே போதும். இதய மருந்து, ஹார்மோன் மருந்து மாதிரி மாதாமாதம் அளவு மாறுகிற பிள்ளைகளுக்குத்தான் பிரிண்டர், அதுவும் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்று இருந்தால் டெல்டா முழுக்கப் போதும் என்பது என் கணக்கு.

கரடி, நட்சத்திரம் என்று மிட்டாய் உருவத்தில் அச்சடிப்பதைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் பயம். அக்கா பையனுக்கு ஓட்டை மூடி, மாத்திரையெல்லாம் நின்று, இப்போது மூணு வயசு. போன மாதம் வயிற்றுப்போக்கு வந்தபோது துத்தநாகத்தைக் கரைத்துக் கொடுத்தாள். இனிப்பு. கரண்டியை நக்கிவிட்டு, "இன்னொண்ணு" என்றான். அட்டையை அன்றே பீரோ மேல் ஏற்றினாள். ஸ்டூலை இழுத்துக்கொண்டு போகிறான்.