பள்ளிக்கூடப் படிவம் இல்லாமல் பஸ் ஏறாதீர்கள்

தரம் 4 படிக்கும் என் மகளுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் ஓரிடத்தில் நிற்காத, சில பிள்ளைகளில் ஓடித்திரிவதாகவும் தெரியும் குறைபாடு) என்று வைத்தியர் சொன்னபோது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதற்கு முன் ஒரு தாளுக்காக அலைந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கிளினிக்குக்குக் கடிதம் எடுத்தது, கண், காது பார்த்தது எல்லாம் சுகமாக முடிந்தன. காது கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது, அதனால் அதை முதலே செய்துவிடுங்கள்.

சிக்கல் கிளினிக்கில்தான். ஒட்டுசுட்டானில் விடியப் பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, ஏ9 வீதியால் போய்த் துண்டு எடுத்துக் காத்திருந்தோம். முறை வந்ததும், "பள்ளிக்கூடப் படிவம் எங்க அம்மா? அது இல்லாமல் டொக்டர் முடிவு சொல்லமாட்டார்" என்றார் அங்கிருந்தவர். கடிதம் தந்தவர்கள் சொல்லவில்லை, திகதி தந்தவர்களும் சொல்லவில்லை. ஆசிரியர் நிரப்பவேண்டிய அந்தப் படிவத்தைக் கையில் தந்து அடுத்த மாதத்துக்குத் திகதி போட்டுவிட்டார். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

அந்தப் படிவம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது பிறகுதான் விளங்கியது. இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ ஏ.டி.எச்.டி.யைக் காட்டாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்னரே தொடங்கி, குறைந்தது 6 மாதம் நீடித்து, வீடு, பள்ளிக்கூடம் என்று இரண்டு இடத்திலாவது தெரியவேண்டும். பள்ளிக்கூடத்தில் நடப்பதை ஆசிரியர்தானே சொல்லமுடியும்?

படிவமோ ஆங்கிலத்தில். வகுப்பாசிரியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "குழப்படிப் பெடியளுக்குத்தான் இது, அம்மா. இவ அமைதியான பிள்ளை" என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுத் தந்தார். அதைக் கொண்டுபோய் இன்னொரு நாளும் வீண்.

ஓடித்திரியாத ஏ.டி.எச்.டி.யும் உண்டு. பெண் பிள்ளைகளில் அது தப்பிப்போவது இதனால்தான். கணக்கைப் பாதியில் விடுவாள், அழிறப்பர் தினமும் தொலையும், சொன்னது காதில் ஏறாது, ஆனால் யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு யார் கவனிப்பார்கள்?

நான் தமிழ்ப் படிவம் கேட்டு வாங்கினேன். மகளின் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு ரீச்சரிடம் போய், அரைகுறையாக நின்ற பக்கங்களைத் திறந்து காட்டி, "கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிரப்புங்கோ ரீச்சர்" என்றேன். அவரே பார்த்து, கவனம் பற்றிய ஒன்பது கேள்வியில் ஏழுக்கு 'அடிக்கடி' என்று போட்டார். ஆறு இருந்தாலே போதும். அன்று வீடு வரும்வரை எனக்குச் சந்தோசம்.

வைத்தியர் நித்திரை, பயம், வீட்டில் நடந்த இழப்புகள் எல்லாம் கேட்பார். 2009 யுத்தத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் அது இல்லாத வீடு குறைவு. பயத்தில் வாழும் பிள்ளைக்கும் கவனம் நிற்காது, அதனால் ஒன்றையும் மறைக்காதீர்கள்.

இப்போது மகளுக்கு முன் வாங்கில் இடம், வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறார்கள், கவனம் நிற்க உதவும் மெதைல்பெனிடேட் குளிசையும் உண்டு. அது பசியைக் குறைக்கும். காலைச் சாப்பாடு முடிந்த பிறகே கொடுக்கிறோம், கிளினிக்கில் நிறையும் உயரமும் பார்க்கிறார்கள்.

நிரப்பிய படிவத்தை ஒப்படைக்க முன் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் புது ரீச்சர் வருவார், அவருக்கும் காட்டவேண்டும்.