ஆக்‌ஷன் கேமராவுக்கு அடுத்து என்ன வாங்கலாம்? தாமிரபரணிக்கும் உவரிக் கடலுக்கும் சேர்த்து

தண்ணீருக்கடியில் எடுத்த படம் மங்கலாக, பச்சையடித்துப் போய் வந்தால் உடனே சென்சார், அதாவது கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சில்லு, சின்னது என்று சொல்லிவிடுகிறோம். பாதிதான் உண்மை. நம்ம நெல்லைப் பக்கத்து ஆற்றிலும் கிணற்றிலும் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் லென்ஸுக்கும் மீனுக்கும் இடையில் இருக்கும் தண்ணீர்தான். பிசானம் அறுவடை நேரம், மாசி பங்குனியில் பாபநாசத்துக் கசம், அதாவது ஆற்றின் ஆழமான மடு, கண்ணாடி மாதிரி தெரியும். அப்போதும் ஒரு மீட்டர் தள்ளி எடுத்தால் மிதக்கும் தூசிதான் முன்னால் நிற்கும். ஒரு சாண் தூரத்துக்குப் போய்விட்டால் அதே தண்ணீரில் செதில் செதிலாக எண்ணலாம். அதனால் புதுக் கேமராவிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பது.

ஆக்‌ஷன் கேமராக்களில், அதாவது கோப்ரோ மாதிரிக் குட்டிக் கேமராக்களில், பெரும்பாலும் ஃபோகஸ் நிலையாகவே இருக்கும். சுமார் 30 செ.மீ.க்குள் போனால் கலங்கும். கோணமும் அகலம் என்பதால், தாமிரபரணிக்கே உரிய டாகின்சியா தாம்பிரபர்ணி மாதிரிச் சின்ன மீன் ஒரு புள்ளியாகத்தான் விழும். வளர்ந்த ஆண் மீனின் முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டிருக்கும் அழகை அந்தத் தூரத்தில் பார்க்கவே முடியாது.

கையில் இருக்கும் கேமராவை விட மனமில்லை என்றால் கிட்டத்துப் படத்துக்கான +10 மேக்ரோ லென்ஸ் ஒன்றை முன்னால் மாட்டிப் பாருங்கள். ஃபோகஸ் ஏறக்குறைய 10 செ.மீ.க்கு வந்துவிடும். அந்தத் தூரம் நகரக்கூடாது. முன்பின் 2 செ.மீ. போனாலே மங்கும். மணலில் கிடக்கும் அயிரைக்குச் சரிவரும், ஓடும் மீனுக்குச் சரிவராது.

அடுத்த படி ஒலிம்பஸ் டிஜி-6 அல்லது ஓஎம் சிஸ்டம் டிஜி-7. இவற்றின் சென்சாரும் 1/2.3 அங்குலம்தான், பழைய ஆக்‌ஷன் கேமராக்கள் பலவற்றில் இருந்த அதே அளவு. அதற்கு எதற்குக் காசு என்று தோன்றும். லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகிறது, ஜூம் இருக்கிறது, பிறகு நிறம் திருத்த வசதியான ரா கோப்பு தருகிறது, ஹவுசிங் என்கிற தண்ணீர் புகாத உறை இல்லாமலே 15 மீட்டர் ஆழம் தாங்குகிறது. ஆற்றில் இறங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கேமரா இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஆனால் கையில் பிடித்தபடி கிணற்றுச் சுவரிலிருந்து குதிக்காதீர்கள். 15 மீட்டர் என்பது அசையாத தண்ணீரின் அழுத்தத்துக்கான கணக்கு. குதிக்கும் வேகத்தில் விழும் அடி பேட்டரிக் கதவை நெகிழ்த்திவிடலாம். கைக்கயிற்றோடு ஒரு மிதவையும் கட்டுங்கள். கிணற்றுச் சேற்றில் போன கேமரா திரும்பாது.

கடல்தான் உங்கள் இடம் என்றால் 1 அங்குல சென்சார் உள்ள காம்பாக்ட், அதாவது கையடக்கக் கேமரா, அதற்கென்று செய்த ஹவுசிங். 1 அங்குலம் என்பது பெயர்தான்; சென்சார் 13.2 × 8.8 மி.மீ., பரப்பு டிஜி-யினுடையதைப் போல் நான்கு மடங்கு. ஒன்றை மறக்கக்கூடாது: தட்டைக் கண்ணாடி போட்ட ஹவுசிங் தண்ணீரில் கோணத்தைச் சுருக்கும். 24 மி.மீ. லென்ஸ் 32 மாதிரி ஆகிவிடும். அகலம் வேண்டுமானால் ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் வெட் வைட் லென்ஸோ, குவிந்த கண்ணாடியான டோம் போர்ட்டோ தனியாக வாங்கவேண்டும். அந்தக் காசையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா பற்றி யோசியுங்கள்.

கேமராவுக்கு வைத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை விளக்குக்கு ஒதுக்கலாம். கடலில் 5 மீட்டருக்குள்ளேயே சிவப்பு பெருமளவு போய்விடும். நீலக் கடலுக்குச் சிவப்பு ஃபில்டர் உதவும். ஆற்றுப் பச்சைத் தண்ணீரில் அது வெளிச்சத்தைத் தின்பதோடு சரி. அங்கே மெஜந்தா ஃபில்டர், அதைவிட நல்லது ஒரு வீடியோ விளக்கு. கிட்டத்துப் படங்களுக்கு 1000 லூமன் போதும். விளக்கை லென்ஸ் பக்கத்திலேயே வைத்தால் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக ஒளிரும். கை நீட்டி, பக்கவாட்டில், சற்று வெளிநோக்கித் திருப்பி, ஒளிவட்டத்தின் ஓரம் மட்டும் மீனில் படும்படி வையுங்கள். வீடியோவுக்கு ஆட்டோ வைட் பேலன்ஸ், அதாவது கேமரா தானே நிறத்தைச் சரிசெய்வது, வேண்டாம், நடுவில் நிறம் மாறிவிடும். வெள்ளை பிளாஸ்டிக் பலகையைக் காட்டி, 3 மீட்டர் ஆழம் மாறும்போதெல்லாம் மறுபடி செட் செய்யுங்கள். நொடிக்கு 25 பிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 நொடி.

இனி ஓ-ரிங், ஹவுசிங் மூடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம். ஹவுசிங்கில் கசிவு வந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது, வளையத்தில் ஒட்டிய ஒரு முடி, ஒரு மணல். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண், அந்தச் செம்மணல், காற்றிலேயே வந்து ஒட்டும். அதனால் கடற்கரையில் திறக்காதீர்கள். அறையில், ஃபேனை நிறுத்திவிட்டுத் திறங்கள். வளையத்தை ஊக்கால் நெம்பக்கூடாது, பழைய ஏடிஎம் கார்டின் முனையால் எடுங்கள். விரலிடையில் ஒரு சுற்று உருவினால் கீறல், மணல் தட்டுப்படும். பள்ளத்தை நூல் பிரியாத துணியால் துடைக்கவேண்டும். ஹவுசிங்கோடு வந்த கிரீஸை மிளகளவு எடுத்துப் பூசினால் வளையம் மினுங்கும், அது போதும். கிரீஸ் தண்ணீரை அடைப்பதில்லை, வளையம் வழுக்கி உட்கார மட்டும்தான். அப்பிவைத்தால் மணலைப் பிடித்து வைக்கும்.

முதல் முறை கேமரா இல்லாமல் உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து மூடி, வாளியில் அரை மணி நேரம் அமுக்கிப் பாருங்கள். பிறகு அதே ஹவுசிங்கைப் போகவேண்டிய ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழி வரிசையாக வந்தால் அங்கேதான் கசிவு. உள்ளே பனி படிவது வேறு விஷயம்: ஈரக்காற்றோடு மூடிய ஹவுசிங் தண்ணீரில் குளிரும்போது படிவது. ஏசி அறையில் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே போடுங்கள்.

இடமும் காலமும். ஆனி ஆடியில் உவரி ஊர்க் கடல் கொந்தளிக்கும், ஐப்பசி கார்த்திகையில் ஆறு கலங்கும். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. படித்துறையை ஒட்டிய இடங்களில் பரிகாரத்துக்கு விட்ட துணிகள் அடியில் கிடக்கும், காலில் சுற்றும், தனியாக இறங்காதீர்கள்.

கடலில் போய்வந்ததும் ஹவுசிங்கைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, ஒவ்வொரு பட்டனையும் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள், உப்பு கரைந்து வரும். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கலாம். இதற்கென்று ஒரு கேன் ஆற்றுத் தண்ணீர் வண்டியிலேயே இருக்கட்டும்.