“இதையும் எழுதுவீர்களா, டாக்டர்?”

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

எல் சால்வடார்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் கொஞ்சம்தான் கூடுதல். சிறுநீரில் புரதமும் லேசாகத்தான் போகிறது. ஆனால் சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 2.8, ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. கணக்கு இடித்தது. கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் திராட்சைத் தோட்ட வேலை என்று ரெக்கார்டில் இருந்தது. அதற்கு முன்னால் என்ன செய்தார் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

கேட்டேன். சிறுவயதிலிருந்தே கரும்பு வெட்டு. மத்திய அமெரிக்கக் கரும்புத் தொழிலாளர்களிடம் இப்படியொரு சிறுநீரக நோய் உண்டு. வெயிலும் உடல் வற்றுவதும்தான் முதல் சந்தேகம், பூச்சிமருந்தையும் சொல்கிறார்கள். ஆந்திராவின் உத்தானத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் இதே சாயலில் ஒன்று இருக்கிறதே, அதனால்தான் எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லையை எப்படித் தாண்டினீர்கள் என்றும் கேட்டேன். தண்ணீரில்லாமல் பாலைவனத்தில் நடந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடிக்கும். கேட்க வேண்டிய கேள்விதான். அரிசோனா வழி என்றார். கடைசி நாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனதாம். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

கரும்பை எழுதினேன். பாலைவனத்தை எழுதவில்லை.

2025-ல் மெடிக்கெய்ட் என்கிற, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுப் பயனாளிகளின் விவரங்கள் குடியேற்றத் துறை கைக்குப் போன செய்தி வந்தபோது, நல்லவேளை என்றுதான் தோன்றியது. போனவை டாக்டர்களின் குறிப்புகள் அல்ல, சரி. அந்த வித்தியாசத்தை அவரிடம் எப்படி விளக்குவது?

லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் ஏழைகளானாலும் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று இங்கே அடிக்கடி சொல்வார்கள். திடமானவர்களே கிளம்பி வருகிறார்கள் என்பது அதற்கு ஒரு விளக்கம். முற்றிய நோயோடு ஊர் திரும்புகிறவர்களின் சாவு இங்கே கணக்கில் வராது என்பது இன்னொன்று. இவரும் பார்க்கத் திடமாகத்தான் இருந்தார்.

சிறுநீரக நிபுணரின் கடிதம் வந்தது. காரணம், உயர் ரத்த அழுத்தமாம். நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் எழுதியிருந்தார், ஜூலை வெயிலில் நிற்கிற ஆளுக்கு! கரும்பைப் பற்றி நான் எழுதிய வரி அவர் கண்ணில் படவில்லை. பாலைவனம் பட்டிருக்குமோ?

நிபுணருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் வாயால் சொன்னேன். அப்போதும் நோயாளியின் அனுமதியில்லாமல்தான் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது. மாத்திரை நின்றது. “இதை ஏன் நோட்டில் போடவில்லை?” என்றார் நிபுணர். நோயாளியிடமே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.