திமிரா, பயமா?
போலீஸ் பயிற்சியில் லத்தி பிடிக்கக் கற்றுத்தருகிறார்கள், சரி. பதினைந்து வயதுப் பையனிடம் எப்படிப் பேசுவது என்று? சிறாரைக் கையாளும் போலீசாருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று ஐ.நா.வின் பெய்ஜிங் விதிகள் 1985-லேயே சொல்லிவிட்டன.

கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதட்டினால் எந்தப் பையனும் விறைத்துக்கொண்டுதான் நிற்பான். கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், எதற்காக நிறுத்தினேன் என்று முதலில் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டுப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே கரைந்துவிடும். பயத்தில் சிரிக்கிற பிள்ளைகளும் உண்டு. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் போச்சு. நின்று யோசிக்க வைக்கும் மூளைப்பகுதி முழுதாக வளர இருபது வயதைத் தாண்டிவிடும்.

ஸ்லைடு போட்டு வகுப்பெடுத்தால் மட்டும் இதெல்லாம் வராது. நாலு பிள்ளைகளையே கூப்பிட்டு அதிகாரிகள் முன்னால் பேசவிடுங்கள். (முதல் பத்து நிமிஷம் இரண்டு பக்கமும் வாயே திறக்காது!)